கேஸ் மாத்திரையும் ஒரு மருந்துதான்: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இதயத் துடிப்புக்காகப் பார்க்க வேண்டியவை

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் வசிக்கும் 72 வயதுப் பெரியம்மா ஒருவர் சென்ற ஐப்பசி மழையின்போது காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தார். பக்கத்து கிளினிக்கில் அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் சிறுநீர் பெருக்கியான குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரையை வேறொரு மருத்துவர் முன்பே எழுதியிருந்தார். கணவர் இறந்த பிறகு வந்த மனச்சோர்வுக்கு மூன்றாமவர் ஒருவர் எஸ்சிட்டலோபிராம் தொடங்கியிருந்தார். இவை போக, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையை அவர் தாமாகவே பல ஆண்டுகளாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு கண்டது. வீட்டில் மிச்சமிருந்த பழைய அட்டையிலிருந்து லூஸ் மோஷன் மாத்திரை இரண்டை விழுங்கினார். நான்காம் நாள் காலை, கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கை கால்கள் வெட்டியதைப் பார்த்தவர்கள் வலிப்பு என்றே நினைத்தார்கள்.

மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.யில் க்யூ-டி இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகள் துடித்து மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம், மிக நீண்டு 530 மில்லி விநாடியாக இருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பைவிடக் குறைந்து 2.9. மூன்று நாள் தீவிர சிகிச்சைக்குப் பின் அவர் நலமாக வீடு திரும்பினார். மருந்து எழுதிய மூவரில் எவரும் தனியே பார்த்தால் தவறு செய்யவில்லை. ஐந்து அட்டைகளையும் ஒருசேரப் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பதே நடந்த கோளாறு. இருபது ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கும் நானும் இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறேன். அவர் மாத்திரைகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை நான் திறந்து பார்த்தது அன்று மாலைதான்.

இந்த வழிகாட்டி அந்த டப்பாவை முன்கூட்டியே திறப்பதற்காக எழுதப்பட்டது. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. பாதியில் விட்ட ஆன்டிபயாடிக்கும் திடீரென்று நிறுத்திய மனநல மருந்தும் தத்தம் வழியில் ஆபத்தானவை. என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

இதயத்தில் நடப்பது என்ன

அடிபம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கைப்பிடி முழுவதும் மேலே வந்த பிறகு அழுத்தினால்தான் தண்ணீர் வரும். பாதியில் அழுத்தினால் பம்பு திக்கும். இதயத்தின் கீழறைகளும் அவ்வாறே ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதயத் தசைச் செல்களிலிருந்து பொட்டாசியம் சிறிய வாயில்கள் வழியே வெளியேறுவதால்தான் அந்தத் திரும்புதல் நடக்கிறது. சில மருந்துகள் இந்த வாயில்களில் ஒன்றை அடைக்கின்றன. அப்போது திரும்பும் நேரம் நீள்கிறது, இ.சி.ஜி. தாளில் அது க்யூ-டி இடைவெளி நீண்டதாகத் தெரிகிறது. திரும்பி முடியாத நிலையில் அடுத்த மின்தூண்டல் வந்து விழுந்தால் துடிப்பு முறுக்கிக்கொண்டு தாறுமாறாக ஓடத் தொடங்கலாம். 1966-இல் பிரெஞ்சு இதய மருத்துவர் பிரான்சுவா டெசர்டென் இதை விவரித்து, 'டோர்சாட் டி பாயிண்ட்' என்று பெயரிட்டார். முனைகள் முறுக்கிக்கொள்வது என்பது அதன் பொருள். அந்த நேரத்தில் மூளைக்கு இரத்தம் போகாததால் ஆள் மயங்கி விழுவார், சில சமயம் வலிப்புப் போல வெட்டும். அது தானாக அடங்கிவிடலாம். அடங்காமல் உயிரையும் பறிக்கலாம்.

அசித்ரோமைசின் சாப்பிடும் எல்லோருக்கும் இது நேர்வதில்லை. அமெரிக்காவின் டென்னசியில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், அமாக்சிசிலினோடு ஒப்பிடும்போது, பத்து லட்சம் முறை அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டதில் 47 இதயநோய் மரணங்கள் கூடுதலாக இருந்தன. ஏற்கெனவே இதயநோய் ஆபத்து மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்கினரிடையே அந்த எண்ணிக்கை 245. மறுஆண்டு டென்மார்க்கில் பெரும்பாலும் நலமாக இருந்த இளையவர்களையும் நடுத்தர வயதினரையும் பார்த்தபோது கூடுதல் ஆபத்து தென்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: மருந்தைவிட, அது யாருடைய உடலில், எவற்றோடு சேர்ந்து விழுகிறது என்பதே முக்கியம்.

முதல் படி: டப்பாவை மேசைமேல் கவிழ்ப்பது

வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், சிரப் பாட்டில்களையும், கண் சொட்டு மருந்தையும், நாட்டு மருந்துக்கடைப் பொட்டலங்களையும்கூட ஒரே இடத்தில் பரப்ப வேண்டும். 'தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால் சென்னையில் பத்தில் எட்டுப் பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும்தான் பெயர் சொல்வார்கள் என்பது என் அனுபவக் கணக்கு. கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை, அரிப்பு மாத்திரை, வாந்தி மாத்திரை ஆகியவை அவர்கள் கணக்கில் மருந்தே அல்ல. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அட்டையின் முன்பக்கத்துப் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். பேன்டோபிரசோல் அல்லது ராபிபிரசோல் மாத்திரையின் பெயர் 'டி' என்றோ 'டி.எஸ்.ஆர்.' என்றோ முடிந்தால் அதில் பெரும்பாலும் டோம்பெரிடோன் கலந்திருக்கும், டி.எஸ்.ஆர். வகையில் அது வழக்கமாக 30 மில்லிகிராம். இந்த டோம்பெரிடோன் க்யூ-டி இடைவெளியை நீட்டும் மருந்து. 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளொன்றுக்கு மூன்று வேளைக்கு மிகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. க்யூ-டி நீட்டும் வேறு மருந்துகளோடு சேர்க்கவே கூடாது என்றும் சொன்னது. நம் ஊரில் அதையே காபிக்கு முன் போடும் மாத்திரையாக ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறோம். எனக்கு இதில் உள்ள ஆதங்கத்தை மறைக்க விரும்பவில்லை.

வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மாத்திரையின் பெயர் 'ஓ.இசட்.' என்று முடிந்தால், அது பெரும்பாலும் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது; அதாவது அதுவே ஒரு ஆன்டிபயாடிக். பெரியம்மா விழுங்கியதும் இதுவே என்பதால், நான்காம் நாள் அவர் உடலில் ஒன்றல்ல, இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இருந்தன. டெல்மிசார்டான் போன்றவற்றின் பெயருக்குப் பின்னால் வரும் 'எச்' பொதுவாகச் சிறுநீர் பெருக்கி மருந்தான ஹைட்ரோகுளோரோதையசைடைக் குறிக்கும். எழுத்தை வைத்து ஊகிப்பது தொடக்கத்துக்கு மட்டுமே. பின்பக்கத்து வரிதான் சாட்சி.

இரண்டாம் படி: வந்திருக்கும் ஆன்டிபயாடிக் எந்தக் குடும்பம் என்று பார்ப்பது

அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மூன்றும் ஒரு குடும்பம். 'ஃப்ளாக்சசின்' என்று முடிபவை இன்னொரு குடும்பம். அதில் மாக்சிஃப்ளாக்சசின் க்யூ-டியை நீட்டுவதில் முதலிடம், லெவோஃப்ளாக்சசின் அடுத்தது, சிப்ரோஃப்ளாக்சசின் குறைவு. புதிய மருந்துகள் க்யூ-டியை நீட்டுகின்றனவா என்று சோதிக்கும் ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாகவே மாக்சிஃப்ளாக்சசினைக் கொடுப்பது வழக்கம் என்றால் பார்த்துக்கொள்ளலாம். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்றவை ஆன்டிபயாடிக் அல்ல என்றாலும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியவை.

அமாக்சிசிலின், அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது, செஃபிக்சிம், டாக்சிசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃப்யூரன்டாயின் ஆகியவற்றுக்குக் க்யூ-டி தொடர்பான கவலை இல்லை. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கோ உண்ணிக்காய்ச்சலுக்கோ டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் இரண்டுமே பயன்படுபவை என்பதால், இதய ஆபத்து உள்ளவர் 'எனக்கு டாக்சிசைக்ளின் பொருந்துமா' என்று கேட்பது நியாயமான கேள்வி. எந்தக் கிருமிக்கு எது வேலை செய்யும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: ஜோடிகளைச் சரிபார்ப்பது

இங்கே மூன்று வேறு வழிகளில் கெடுதல் வரலாம் என்பதால் அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

முதலாவது, இரண்டு மருந்துகளுமே க்யூ-டியை நீட்டுபவையாக இருப்பது. அமியோடரோன், சோட்டலால் ஆகிய இதயத் தாள மருந்துகள்; ஹாலோபெரிடால், குவெட்டியாபின் போன்ற மனநல மருந்துகள்; மனச்சோர்வுக்கான சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம், அமிட்ரிப்டிலின்; வாந்திக்கான ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன்; அரிப்புக்கான ஹைட்ராக்சிசின்; மறதி நோய்க்கான டோனெபெசில்; முடக்குவாதத்துக்கும் நம் நாட்டில் சர்க்கரை நோய்க்கும்கூடத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை இதில் அடங்கும். 2020 கொரோனா நாட்களில் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது இ.சி.ஜி. பார்க்க வேண்டும் என்று உலகெங்கும் இதய மருத்துவர்கள் வலியுறுத்தியது இதனால்தான்.

இரண்டாவது, ஆன்டிபயாடிக் இன்னொரு மருந்தை உடலில் தேங்க வைப்பது. கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு முக்கிய நொதியை முடக்குகின்றன. அசித்ரோமைசின் இந்த வேலையைப் பெரிதாகச் செய்வதில்லை. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து எரித்ரோமைசினோடு சேர்ந்து இரத்தத்தில் தேங்கித் துடிப்பைக் குலைத்ததால்தான் 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து வெளியேறியது. அதே குறையுள்ள சிசாப்ரைடு 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இன்று கவனிக்க வேண்டிய இதய மருந்துகள் சில: கிளாரித்ரோமைசினோடு வெரபமில் அல்லது டில்டியாசெம் சேர்ந்தால் துடிப்பும் இரத்த அழுத்தமும் அபாயகரமாகக் குறையலாம், இவாப்ரடினோடு சேர்க்கவே கூடாது, டிகாக்சின் சாப்பிடுபவருக்கு அது நச்சளவுக்கு ஏறலாம். அல்சருக்குக் காரணமான எச். பைலோரி கிருமிக்கான 14 நாள் மருந்துத் தொகுப்பில் கிளாரித்ரோமைசின் அடிக்கடி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள வீடுகளில் டெரிஃபிலின் அட்டை இல்லாத வீடு குறைவு. அதிலுள்ள தியோஃபிலினைச் சிப்ரோஃப்ளாக்சசின் தேங்க வைக்கும். விளைவு படபடப்பு, வாந்தி, சில வேளை வலிப்பு.

மூன்றாவது முற்றிலும் எதிர்த்திசையிலிருந்து வருவது. கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான, நல்ல ஆன்டிபயாடிக், சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும். டெல்மிசார்டான், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இரத்த அழுத்த, இதய மருந்துகளும் அதையே செய்யும். இரண்டும் முதியவர் ஒருவரின் உடலில் சந்தித்தால் பொட்டாசியம் கட்டுக்கடங்காமல் ஏறி இதயம் நின்றுபோகலாம். கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வுகள் இந்தச் சேர்க்கையைத் திடீர் மரணத்தோடு தொடர்புபடுத்தியுள்ளன.

நான்காம் படி: உடம்பின் கணக்கைப் பார்ப்பது

இந்த வகைத் துடிப்புக் கோளாறில் மாட்டுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். 65 வயதைக் கடந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், நாடி இயல்பிலேயே மெதுவாக ஓடுபவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல். குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தாலோ, நீந்தும்போதோ திடீர்ச் சத்தத்திலோ மயங்கி விழுந்திருந்தாலோ, பிறவியிலேயே க்யூ-டி நீண்டிருக்கும் நோய் இருக்கக்கூடும். அதைக் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பொட்டாசியத்தின் இயல்பளவு 3.5 முதல் 5 வரை. அது குறைந்தாலும் க்யூ-டி நீளும் என்பதால், க்யூ-டி நீட்டும் மருந்து தேவைப்படுபவருக்கு அது 4-க்கு மேல் இருப்பதை மருத்துவர்கள் விரும்புவார்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, சிறுநீர் பெருக்கிகள் ஆகியவை பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டாலும் மெக்னீசியம் குறையலாம். வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் நல்லது, அதில் பொட்டாசியமும் உண்டு. இளநீரிலும் நிறைய உண்டு. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கோ, மேலே சொன்ன கோட்ரைமாக்சசோல் சேர்க்கையில் இருப்பவருக்கோ அன்போடு வெட்டிக் கொடுக்கும் அதே இளநீர் ஆபத்தாகிவிடும்.

ஐந்தாம் படி: மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் கேட்பது

பட்டியலை நீட்டி, 'டாக்டர், இவற்றில் ஏதாவது க்யூ-டியை நீட்டுமா, இந்த ஆன்டிபயாடிக்கோடு சேருமா, முதலில் ஒரு இ.சி.ஜி. எடுக்க வேண்டுமா' என்று நேராகக் கேட்கலாம். இதைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்குபவர்களைத் தினமும் பார்க்கிறேன்; பட்டியல் கையிலிருந்தால் அவருக்கும் வேலை எளிது. ஆபத்தான சேர்க்கை தவிர்க்க முடியாத இடங்களில் இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே கொடுப்பது நடைமுறையில் உள்ளதுதான். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு பெடாக்விலின், க்ளோஃபசிமின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற க்யூ-டி நீட்டும் மருந்துகளையே சேர்த்துத் தருகிறார்கள். அந்த நோயாளிகளுக்குக் குறித்த இடைவெளியில் இ.சி.ஜி. எடுப்பது சிகிச்சையின் அங்கம்.

இ.சி.ஜி. தாளின் மேல்மூலையில் 'திருத்திய க்யூ-டி' (QTc), அதாவது நாடியின் வேகத்துக்கேற்பச் சரிசெய்த க்யூ-டி, என்ற எண் அச்சாகியிருக்கும். ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லி விநாடி வரை இயல்பு என்று பொதுவாகக் கொள்வார்கள். 500-ஐத் தாண்டினாலோ, பழைய தாளைவிட 60 கூடினாலோ அது எச்சரிக்கை. ஆகவே பழைய இ.சி.ஜி.யை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தாளில் ஒரு சிறு கட்டம் 40 மில்லி விநாடி. க்யூ-டி பத்துக் கட்டமாகவும், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட தூரம் பதினாறு கட்டமாகவும் இருந்தால், அதாவது நாடி நிமிடத்துக்குச் சுமார் 94 என்றால், பல இயந்திரங்கள் பயன்படுத்தும் பேசெட் முறைப்படி திருத்திய அளவு 500 என்று வரும். இன்னொரு கணக்கான ஃப்ரிடெரிசியா முறைப்படி அதே தாளில் 464-தான். நாடி வேகமாக ஓடும்போது பேசெட் முறை மிகைப்படுத்தும். ஆன்டிபயாடிக் தேவைப்படுபவருக்குக் காய்ச்சலும் வேக நாடியும் இருப்பது இயல்பே என்பதால், இயந்திரம் அச்சிட்ட எண்ணைப் பார்த்து நடுங்குவதற்கு முன் மருத்துவர் கையால் அளந்து பார்க்கட்டும்.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் உள்ளிட்ட சில மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் உள்ளன. விற்பவர் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்லா மருந்தையும் ஒரே கடையில் வாங்குவது எங்கள் வியாபாரத்துக்காகச் சொல்வது போலத் தோன்றலாம். ஆனால் மூன்று கடையில் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஒவ்வொருவரும் பார்ப்போம்.

ஆறாம் படி: சாப்பிடும் நாட்களும் அதற்குப் பிறகும்

சொன்ன அளவை, சொன்ன நேரத்தில் சாப்பிட வேண்டும். ஒரு வேளை தவறினால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால் பழைய அட்டையைத் தேடாமல் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அசித்ரோமைசின் உடலை விட்டு மெதுவாகத்தான் போகும். ஐந்து நாள் மருந்து முடிந்த பின்னும் சில நாட்கள் தங்கும். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அமியோடரோனும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குபவை. ஆகவே 'நேற்றே நிறுத்திவிட்டேன்' என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

ஏழாம் படி: மயக்கம் வந்தால்

காரணமில்லாத படபடப்பு, கண் இருட்டுவது, எழுந்தவுடன் தள்ளாடுவது ஆகியவை அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டிய அறிகுறிகள். மயங்கி விழுந்து மறுநிமிடமே தெளிந்து 'ஒன்றுமில்லை, வெயில்' என்று சொன்னாலும் 108-ஐ அழைக்க வேண்டும். இரு சக்கர வாகனத்தில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகக் கூடாது. மூச்சும் உணர்வும் இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைத் திணிப்பதில் போகும் நொடிகள் திரும்பி வராதவை. மருத்துவமனைக்கு எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் நரம்பு வழியே மெக்னீசியம் செலுத்துவதும் பொட்டாசியத்தைச் சரிசெய்வதும் தாமதமாகாது.

குணமான பிறகு, நடந்ததை இந்திய மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் 'க்யூ-டி நீட்டும் மருந்துகளைத் தவிர்க்க' என்ற குறிப்பை ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்வது நல்லது. பெரியம்மா அதைப் பூஜை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறார். கீழே தம் கையெழுத்தில், இப்போது சாப்பிடும் மூன்று மாத்திரைகளின் மூலப்பெயர்களையும் தேதியோடு எழுதியிருக்கிறார். அதில் கேஸ் மாத்திரை இல்லை.